பீலிக்கு மேலே ஒரு சரிவு

அத்தியாயம் 11

ஒன்பதரை மணிக்குப் பால் கொடுக்க வந்த தாய்மாரில் பெரியாயிதான் முதலில் நுழைந்தாள். கொழுந்துக் கூடையை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் வாசலில் வைத்துவிட்டு, தொட்டிலில் கிடந்த மகனைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்.

"பாக்கியம், ஒனக்கு வாச்ச அப்பன் மாதிரி யாருக்கும் வாய்க்காதுடி. ஒன் காட்டக் கண்ணாடி மாதிரி ஆக்கிட்டாரு."

பாக்கியம் பால்மா கரைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

"எந்தக் காட்ட?"

"ஒனக்கு எத்தன காடு இருக்கு? பீலிக்கு மேல இருக்கே, அதத்தான். விடியறப்பவே எட்டு ஆள எறக்கி, வேலைக்குப் பேரு கூப்பிடுற பெரட்டு மணி அடிக்கிறதுக்குள்ள சொரண்டி முடிச்சிட்டாரு. ஒரு புல்லு இல்ல. சோத்தக் கொட்டி அள்ளித் திங்கலாம்."

பாக்கியம் கரண்டியைக் கழுவினாள். கழுவிய கரண்டியையே மறுபடியும் கழுவினாள்.

"அக்கா, பத்து நிமிஷம் பிள்ளைங்களப் பாத்துக்கங்க."

"ஏன்டி, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

அதற்குள் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

பாக்கியத்தின் ஓராண்டு அந்தச் சரிவில்தான் இருந்தது. மூன்று லயக் குடியிருப்புகளுக்கும் குடிநீர் தரும் பீலிக்கு நேர் மேலே, இரண்டு வருடத்துக்கு முந்தைய மழையில் மண் சரிந்த முக்கால் ஏக்கர். அங்கே கம்மரம், அதாவது யூக்கலிப்டஸ், வைப்பது என்று தோட்டத்துத் துரை முடிவு செய்திருந்தார். தொழிற்சாலை அடுப்புக்கு விறகு வேண்டும். கம்மரம் விரைவாக வளரும். விரைவாகத் தண்ணீரையும் குடிக்கும். அந்த மரம் வைத்த ஏழாம் நம்பர் மலையில் இருந்த ஊற்று என்ன ஆனது என்று செங்கல்மலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆளில்லை.

வாய் திறக்கவே கூச்சப்படும் பாக்கியம் சொன்னாள். சென்ற வருடம் ஆபீஸ் வாசலில் மூன்று நாள் நின்று, மூன்றாம் நாள் சொன்னாள். காட்டு மரங்களை வைத்தால் மண்ணும் நிற்கும், தண்ணீரும் நிற்கும், பறவையும் வரும் என்றாள். துரை ஒரு வருடம் தவணை கொடுத்தார். வைத்ததில் பாதிக்குக் குறையாமல் உயிரோடு இருந்தால் சரிவு அவளுக்கு. இல்லையென்றால் கம்மரம்.

பிள்ளைக்காம்பராவில் மிஞ்சிய பால்மா டின்களில் அவள் விதை போட்டாள். நாவல், மருது, அத்தி, நெல்லி, ஊதாப் பூப் பூக்கும் போவிட்டியா. முந்நூற்றுப் பன்னிரண்டு கன்றுகள். போன ஞாயிற்றுக்கிழமை எண்ணியபோது இருநூற்று நான்கு இருந்தன. இன்று வெள்ளிக்கிழமை. இரண்டு மணிக்குப் பதுளையிலிருந்து மண் பாதுகாப்பு அதிகாரி எண்ணிப் பார்க்க வருகிறார்.

பீலிக்கு மேலே ஏறியதும் அவள் கால் நின்றது.

சரிவு செக்கச்செவேலென்று கிடந்தது. இலை இல்லை, தண்டு இல்லை. புல் செதுக்கும் சொரண்டியின் வாய் பட்ட கோடுகள் மட்டும், சீவிய தலைபோல் ஒரே பக்கமாக. குருவிகள் வந்து உட்கார்ந்து எச்சமிடட்டும் என்று அவள் நட்டிருந்த கம்புகளைக்கூடப் பிடுங்கி, ஓரமாக அழகாக அடுக்கியிருந்தார்கள். அந்தக் கம்புகளுக்குக் கீழேதான், யாரும் விதைக்காத நாற்பத்தொரு செடிகள் முளைத்திருந்தன. குக்குறுவான் போட்ட விதைகள். அவற்றைப் பற்றி அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இன்று அதிகாரியிடம் சொல்வதற்காக வைத்திருந்தாள்.

அப்பா அங்கேதான் இருந்தார். தேத்தண்ணி நேரத்தில் தன் வேலையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். பொன்னையா கங்காணி, இருபத்தெட்டு வருடமாகப் புல்லுவெட்டுக் கங்காணி. அவர் ஆட்கள் இறங்கிய மலையில் மறுநாள் ஒரு புல்லைக் காட்டினால் மீசையை எடுத்துவிடுவேன் என்பார். மீசை அப்படியேதான் இருந்தது.

கூட நின்ற வீரய்யா சொரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தான். "வாம்மா, ஒன் தோட்டத்துக்கு முடி வெட்டி விட்டிருக்கோம். கூலி வேணாம், நாலு வெத்தலை போதும்."

"அப்பா," என்றாள் பாக்கியம்.

"ஒண்ணும் சொல்ல வேணாம் தாயி." அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆபீசரு வர்றாருன்னு ஒங்கம்மா சொன்னா. இந்தக் காட்டப் பாத்து நாலு பேரு சிரிக்கிற மாதிரி விட முடியுமா? புல்லுவெட்டுக் கங்காணி வீட்டுலயே புல்லு வளக்குறாங்கன்னு ஒரு வருஷமா இவனுங்க வாய்க்கு நான் வெத்தலையா இருந்துட்டேன்."

"கன்னெல்லாம் எங்கப்பா?"

"எந்தக் கன்னு?"

"நான் வச்ச கன்னு."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு சரிவைப் பார்த்தார்.

"அதெல்லாம்தான் செத்துப் போச்சே."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கன்னுன்னா வரிசையில நிக்கும். பக்கத்துல முளை அடிச்சிருக்கும். இங்க ஒரு வரிசை இல்ல, ஒரு முளைக்குச்சி இல்ல. அங்கொண்ணும் இங்கொண்ணுமா..." அவர் குரல் மெல்லக் குறைந்தது. "களைதானே தாயி அது?"

புதுத் தேயிலை மலையில் ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு முளைக்குச்சி உண்டு. முளை இருந்தால் கன்று. இல்லாவிட்டால் களை. சொரண்டி பிடிக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அது. பாக்கியம் வேண்டுமென்றேதான் வரிசை போடாமல் வைத்தாள். காட்டில் எந்த மரமும் வரிசையில் நிற்பதில்லை. சுற்றியிருந்த புல்லையும் வேண்டுமென்றேதான் விட்டாள். சின்னக் கன்றுக்கு அதுதான் நிழல்.

இதை அப்பாவிடம் அவள் சொன்னதே இல்லை. அவர் கேட்டதும் இல்லை. ஒரே அறையில் ஒரு வருடம் படுத்து எழுந்தார்கள். சரிவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவளுக்குக் கூச்சம், அவருக்கு வெட்கம்.

"வரிசை போடாம வச்சேம்பா," என்றாள். "இருநூத்தி நாலு இருந்துச்சு."

வீரய்யா சொரண்டியைத் தோளிலிருந்து இறக்கினான்.

அப்பா கானுக்குள் இறங்கினார். வெட்டியதையெல்லாம் அந்த வடிகாலில்தான் குவித்திருந்தார்கள். புல்லைக் கிளறி ஒரு தண்டை எடுத்தார். முழங்கால் உயரம். பளபளக்கும் இலை. அடியில் சொரண்டி சீவிய வெள்ளை.

"இது?"

"நாவல்."

இன்னொன்று எடுத்தார்.

"அது அத்தி."

மூன்றாவதை எடுக்க அவர் குனிந்தார். நிமிரவில்லை.

பன்னிரண்டரைக்குப் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு அம்மா நேரே சரிவுக்கு வந்தாள். செய்தி முன்பே மலை ஏறி அவளுக்கு எட்டியிருந்தது. இராக்கம்மா அழுகிற ஆள் இல்லை. கூடையை இறக்கி வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நின்னு என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? வெட்டுனத எடுத்து நடுங்க."

"அம்மா, அது வேரில்லாத குச்சி."

"வேரு மண்ணுக்குள்ள இருக்கா இல்லையான்னு தொரை தோண்டியா பாப்பாரு? அத்தன சாமானும் ஈரப் புல்லுக்குள்ளதான் கெடந்துச்சு, இன்னும் வாடல. இன்னிக்கி ஒரு நாளு நின்னா போதும்."

"அது பொய்ம்மா."

"ஆமா, பொய்தான். உண்மையச் சொல்லு. ஓர்டர் இல்லாம மலையில ஆள எறக்குன கங்காணி ஒங்கப்பா. தொரை சும்மா விடுவாரா? கம்மரமும் வரும், இவரு கங்காணி வேலையும் போகும். அப்புறம் நீயும் நானும் அந்தப் பீலியில சேத்துத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு உண்மையப் பேசுவோம்."

அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார்: "பாக்கியம் சொல்றது மாதிரி செய்வோம்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வருடம் மண் மேல் மட்டும் இருக்கவில்லை, மண்ணுக்குள்ளும் இருந்தது. சில வேர்கள் பிழைக்கும். நாவல் துளிர்க்கும், போவிட்டியா கட்டாயம் துளிர்க்கும். ஆனால் துளிர்க்க ஆறு வாரம் வேண்டும். அதிகாரி வர ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது.

அவள் குனிந்து, கானிலிருந்து ஒரு கட்டுத் தண்டை அள்ளினாள்.

பிள்ளைகளைப் பெரியாயியே பார்த்துக்கொண்டாள். காலையில் வெட்டிய அதே எட்டுப் பேர் சாப்பாட்டு நேரத்தில் நட்டார்கள். யாரும் கேலி பேசவில்லை. வீரய்யா பழக்கதோஷத்தில் வரிசையாக நட்டுக்கொண்டு போனான். பாக்கியம் பின்னால் போய்ப் பிடுங்கி மாற்றி நட்டாள். நூற்று எழுபது தண்டுகள் தேறின, பாதிக்கு மேல். கம்புகளையும் திரும்ப ஊன்றினார்கள்.

தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு மணி ஆயிற்று. ஜீப் வரவில்லை.

இரண்டரைக்கு வெயில் அடித்தது. முதலில் தலை சாய்த்தது அத்தி. அத்தியின் இலை அகலம், தண்ணீர் சீக்கிரம் போகும். பாக்கியம் பீலிக்கு ஓடி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். இலை நனைந்தது, நிமிரவில்லை. உறிஞ்சிக் கொடுக்கக் கீழே எதுவும் இல்லை.

"மூணு மணிக்கு மேல தாங்காது," என்றாள்.

அம்மா மேல்பாதையில் நின்று, கீழே ஜீப் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். அப்பா வேலைக்குத் திரும்பவில்லை. வேலை நேரத்தில் அவர் மலையில் இல்லாமல் இருப்பதை யாரும் பார்த்ததில்லை.

மூன்று மணிக்கு மேகம் மூடித் தூறல் விழுந்தது. "மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா," என்றாள் அம்மா. இலைகள் கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தன.

அப்பா மட்டும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். சொரண்டிக் கோடுகளில் தண்ணீர் சிவப்பாக ஓடத் தொடங்கியிருந்தது. நூல் கனத்தில். ஒன்றோடொன்று சேர்ந்து, கீழே, ஊற்றை நோக்கி. ஐப்பசி மழைக்கு இது வெறும் முன்னோட்டம்.

"இத்தன வருஷம் இதையேதான் செஞ்சிருக்கேன்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அப்போது ஜீப் வந்தது.

துரை குடையோடு இறங்கினார். பின்னால் பதுளை அதிகாரி ஸரூக். ஒல்லியான மனிதர், காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு குடையில்லாமல் ஏறி வந்தார்.

"மன்னிச்சுக் கொள்ளுங்க தங்கச்சி, லுணுகலை ரோட்டுல மரம் விழுந்துட்டு," என்றவர், சரிவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "ஆ! கலந்து வச்சிருக்கீங்க. வரிசை இல்லாம. இதத்தான் நான் பத்து வருஷமா எல்லாருக்கும் சொல்லிட்டு வாறேன். ஒருத்தரும் கேக்கல்ல."

பாக்கியம் சேற்றுக் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

துரைக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. "எண்ணிட்டுச் சொல்லுங்க மிஸ்டர் ஸரூக். நாவப்பழத்த எரிச்சுத் தேயிலை காய வைக்க முடியாது."

ஸரூக் எண்ணவில்லை. ஒரு நாவல் கன்றுக்குப் பக்கத்தில் குந்தினார். இலையைத் தொட்டார். ஒரு கணம் விரல் நின்றது. பிறகு சொன்னார்:

"இத நான் பதுளைக்குக் கொண்டு போறேன் துரை. மத்தத் தோட்டத்து ஆக்களுக்கும் காட்டணும். தங்கச்சி, ஒரு கன்ற வேரோட, மண்ணோட கிளப்பித் தாங்க. நீங்க வச்சது, நீங்களே எடுங்க."

பாக்கியம் முழந்தாளிட்டாள். தண்டை விரல்களால் சுற்றிப் பிடித்தாள். அது அப்போதே லேசாக ஆடியது. மேல்பாதையில் அம்மா கூடைக் கயிற்றை இறுகப் பிடித்திருந்தாள். அப்பாவின் மூச்சு பின்னால் கேட்டது.

"இதுக்கு வேர் இல்லைங்க," என்றாள்.

"என்ன?"

அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"எதுக்குமே வேர் இல்லைங்க. காலையில வெட்டுனது. மத்தியானம் குத்தி வச்சது."

துரை குடையோடு இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"யாரு வெட்டினது?" என்றார் துரை.

"நான்தாங்க."

"பொய்." அப்பா முன்னால் வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். "அது பொய் சொல்லுதுங்க தொரை. சொரண்டி புடிச்சது நானு. ஆள எறக்குனதும் நானு."

"யாரு ஓர்டர் குடுத்தது?"

"யாரும் இல்லைங்க."

"மக வச்சத அப்பன் வெட்டுறதா? எதுக்கு?"

"வரிசை இல்லைங்க. முளைக்குச்சி இல்லைங்க. களைன்னு நெனச்சுட்டேன்."

துரை சிரித்துவிட்டார். சத்தமாகவே சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம்கூட இல்லை. அதுதான் பாக்கியத்தைச் சுட்டது. ஸரூக் சிரிக்கவில்லை.

"சரி," என்றார் துரை, குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு. "நல்லதாப் போச்சு. நிலம் சுத்தமா இருக்கு. திங்கக்கிழமை கம்மரக் கன்னு வருது. கங்காணி, ஒன் ஆளுங்களே குழி வெட்டட்டும். இந்த வாட்டி வரிசையா. ஓர்டர் இல்லாம செஞ்சத நான் மறந்துடுறேன்."

அவர் போகத் திரும்பினார். பாதி திரும்பி நின்றார். 'சரிங்க தொரை' என்ற பதில் இன்னும் வரவில்லை. அந்தப் பதில் வராமல் பொன்னையாவிடமிருந்து எந்தத் துரையும் இதுவரை திரும்பிப் போனதில்லை.

"என்ன கங்காணி, காது கேக்கலயா?"

"கேட்டுச்சுங்க."

"அப்புறம்?"

"குழி வெட்ட ஆள எறக்க மாட்டேங்க."

மேல்பாதையில் அம்மா "ஏங்க" என்றாள்.

துரையின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. "அப்படியா? அப்ப திங்கக்கிழமை பெரட்டுல வேற கங்காணி பேரக் கூப்பிடுவேன். நீ சொரண்டியோட வரிசையில வந்து நில்லு."

"கூப்பிடுங்க தொரை."

துரை இறங்கிப் போனார். ஜீப் ஹாரன் இரண்டு தடவை அலறியது. ஸரூக் மட்டும் நகரவில்லை. வேரில்லாத தண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பக்கத்து மண்ணை விரலால் கிளறினார். சீவப்பட்ட ஓர் அடித்தூர் தெரிந்தது. நகத்தால் கீறினார். உள்ளே ஈரப் பச்சை.

"என்னை ஏமாத்தப் பாத்தீங்க தங்கச்சி," என்றார்.

"ஆமாங்க."

"கோபம்தான். அது கிடக்கட்டும். என்ட அறிக்கை திங்கக்கிழமைத் தபாலுக்குத்தான் போகும். இப்படிக் கீறிப் பாத்து, வெட்டுப்பட்டதுல எத்தனை வேர் உசிரோட இருக்கு எண்டு அதுக்குள்ள தெரிஞ்சா, அத எழுதுவேன். தெரியாட்டி இண்டைக்குக் கண்டத எழுதுவேன்." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "பாதிக்கு மேல இருந்தா மட்டும்தான் பேச்சு. துரை அப்பவும் கேக்க மாட்டாரு. ஆனா எழுத்துல இருக்கும்."

ஜீப் போன பிறகு அம்மா கீழே இறங்கி வந்தாள். திட்டப்போகிறாள் என்று பாக்கியம் காத்திருந்தாள். அம்மா வாடிய தண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள்.

அப்பா குந்தினார். சொரண்டிக் கோடுகளின் நடுவே எத்தனையோ வெட்டுத்தூர்கள், புல்லும் கன்றும் ஒரே உயரத்தில், ஒரே சிவப்புச் சேற்றில். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு வித்தியாசம் தெரியல தாயி," என்றார். "எது கன்னு, எது களைன்னு காட்டு."

அவரிடம் இதையெல்லாம் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல், கையருகே இருந்த ஒரு தூரில் விரலை வைத்தாள்.

"இது நாவல்."

அப்பா அதன் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்தார், மழை படாமல்.

"ம். அடுத்தது?"

மழை வலுத்தது.